பாக்கெட்டின் முன்பக்கத்தில் போடுங்கள்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பாதாம், சோயா, ஓட்ஸ் பானங்களைப் ‘பால்’ என்று விற்கக் கூடாது என 2021இல் சொன்னீர்கள். நல்லது. ஆனால் வாங்குகிறவர்கள் இன்றும் மாட்டுப்பாலுக்குப் பதிலாகத்தான் அவற்றை வாங்குகிறார்கள். அப்படியானால் எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது, எது அறவே இல்லை என்பதை முன்பக்கத்திலேயே அச்சிட வையுங்கள். இதுதான் எங்கள் கோரிக்கை.

ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை, பாதாம் பானம் கொடு என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு தாய் கடைக்கு வருகிறார். பாக்கெட்டின் பின்புறம் கடுகளவு எழுத்து. 100 மி.லி.யில் புரதம் பெரும்பாலும் அரை கிராம் அளவுதான். மாட்டுப்பாலிலோ 3 கிராமுக்கு மேல். சரி, கால்சியம்? செறிவூட்டாத, அதாவது சத்துகளைத் தனியாகச் சேர்க்காத பானமென்றால் அந்த வரியே இருக்காது. உங்கள் 2020 லேபிள் விதிப்படி புரதம், சர்க்கரை, கொழுப்பு, சோடியம் கட்டாயம். கால்சியத்தையும் வைட்டமின் பி12ஐயும் விளம்பரப்படுத்தினால் மட்டும் அளவைக் குறிப்பிட்டால் போதும். இல்லாத சத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டியதில்லை. அந்தத் தாய்க்குத் தெரிய வேண்டியதே அதுதானே?

1 முதல் 3 வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 500 மி.கி. கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.). ஒரு டம்ளர், அதாவது 200 மி.லி. மாட்டுப்பாலில் சுமார் 240 மி.கி. கிடைக்கிறது. பத்துப் பாதாமை ஊறவைத்து அரைத்தால் மொத்தமே 30 மி.கி. அளவுதான், வடிகட்டும்போது அதிலும் ஒரு பங்கு சக்கையோடு போய்விடும். பாக்கெட் பானங்கள் பலவற்றில் பாதாம் 2 முதல் 3 சதவீதமே.

புரதத்தில் பாலை நெருங்குவது சோயா. ஓட்ஸ் பானம் தயாரிக்கும்போது நொதி மாவுச்சத்தை மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைப்பதால், சர்க்கரை சேர்க்காமலே இனிக்கும். அரிசி பானத்தில் ஆர்சனிக் என்ற நச்சுப்பொருள் இருக்கக்கூடும் என்பதால் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைத் தர வேண்டாம் என்கிறது பிரிட்டன். கால்சியம் சேர்த்த பானத்திலும் அது அடியில் படிந்துவிடும். நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் சத்து பெட்டியிலேயே தங்கிவிடும்.

நாங்கள் பாலுக்கு வக்காலத்து வாங்கவில்லை. ரத்தத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு கூடிய பெரியவர், 6 சதவீதக் கொழுப்புள்ள பாலை விட்டுவிட்டு, செறிவூட்டிய, சர்க்கரை சேர்க்காத சோயாவுக்கு மாறுவது நல்லதே. பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தயிரும் ஆகாது. இந்த இரண்டில் எது என்று மருத்துவர் கண்டறியும் முன்பே குழந்தையின் பாலை நிறுத்துவதுதான் எங்களை அச்சுறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லேபிளில் ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும் என்கிறது உங்கள் விதி. விளம்பரம் தமிழில் வருகிறது. எச்சரிக்கை மட்டும் ஏன் தமிழில் வருவதில்லை? தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவரின் குழந்தைக்குப் பாதுகாப்பு வேண்டாமா? பொருளை விற்கத் தெரிந்த மொழியில் உண்மையைச் சொல்லவும் முடியும்.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருளுங்கள். மீண்டும் பணிவோடு கேட்கிறோம்: 100 மி.லி.க்குப் புரதம், கால்சியம், பி12, வைட்டமின் டி, சர்க்கரை ஆகிய ஐந்தின் அளவையும் முன்பக்கத்தில், பக்கத்திலேயே மாட்டுப்பாலின் அளவோடு, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போட வையுங்கள். இல்லாத சத்துக்கு நேராக ‘இல்லை’ என்று இருக்கட்டும். ‘ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாகத் தரக் கூடாது’ என்ற வரியை, விற்கும் மாநிலத்தின் மொழியில் கட்டாயமாக்குங்கள்.

இப்படிக்கு,
ஊட்டச்சத்து ஆலோசகர்கள் சிலர்