அஞ்சறைப்பெட்டி அனுப்பியிருக்கேன் பாப்பா

அன்பு பாப்பாவுக்கு அம்மா எழுதறது.

நீ நேத்து வாட்ஸ்அப்ல அனுப்புன மாக் டெஸ்ட் பேப்பரை அப்பா கண்ணாடிய போட்டுக்கிட்டு பெருசு பண்ணி பெருசு பண்ணி பார்த்தாரு, அவர் தூங்கப் போனப்புறம் நான் உக்காந்து ஒவ்வொரு கேள்வியா பார்த்தேன். கணக்கு நல்லா போட்டிருக்க, கொடுத்த தகவல் விடைக்குப் போதுமான்னு கேக்கற டேட்டா சஃபிஷியன்சியும் பரவாயில்ல, இங்கிலீஷ்ல மட்டும் 20க்கு 9. நீ எழுதப்போற டான்செட்ல, அந்த எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுல, ரெண்டு மணி நேரத்துல நூறு கேள்வி, தப்பா போட்டா மார்க்கையும் கழிச்சுடுறாங்க, அதனால இதை இப்பவே சரி பண்ணிடணும்னு மனசு அடிச்சுக்குது. போன்ல சொல்லலாம்னா நீ சிறுசேரியில இருந்து ரூமுக்கு வரவே ஒம்பதரை ஆயிடுது, அந்நேரத்துக்கு கிராமர் பேசுனா யாருக்கு ஏறும், அதான் எழுதறேன், பஸ்ல வரும்போது படி.

முன்பக்கம் கேள்வி பின்பக்கம் விடைன்னு ஆயிரம் கார்டு இருக்கற கட்டு ஒண்ணு இங்கிலீஷுக்காக டவுன்லோட் பண்ணியிருக்கேன், தினம் நூறு முடிக்கறேன்னு சொன்ன. கேக்க சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா போன மாசம் நீ இங்க வந்திருந்தப்ப பார்த்தேன், முன்பக்கத்தை ஒரு பார்வை, உடனே திருப்பற, ஆமா தெரியும்னு அடுத்ததுக்கு போயிடற. தெருவுல ஒருத்தரைப் பார்த்தா எங்கயோ பார்த்த முகமா இருக்கேன்னு தோணும், பேரு மட்டும் வராது இல்ல, அதுதான் தங்கம் இது. 2006ல ரோடிகர், கார்ப்பிக்னு அமெரிக்காவுல ரெண்டு பேரு இதையே சோதிச்சுப் பார்த்திருக்காங்க, ஒரு பாடத்தை திரும்பத் திரும்ப படிச்ச பசங்களும், படிச்சுட்டு மூடி வச்சு ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்த்த பசங்களும், அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்ப திரும்பப் படிச்சவங்கதான் மேல, ஒரு வாரம் கழிச்சு கேட்டப்ப எழுதிப் பார்த்தவங்க தெளிவா முன்னாடி போயிட்டாங்க. உனக்கு பரீட்சை அஞ்சு நிமிஷத்துலயா வருது?

நான் எம்.ஏ. சேர்றதுக்கு நுழைவுத் தேர்வு எழுதுனப்ப கார்டு வாங்க காசு கிடையாது, கல்யாணப் பத்திரிகைய நாலா வெட்டி பின்பக்கம் எழுதுவேன். உங்க அம்மாச்சிக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது, ஆனா அடுப்படியில உக்காந்துக்கிட்டு கார்டை முந்தானையில மறைச்சு வச்சுப்பாங்க, வாயைத் திறந்து சொல்லு, சொன்னாத்தான் தருவேன்பாங்க. நான் சொன்னது சரியா தப்பான்னு அவங்களுக்குத் தெரியாது, ஆனா சொல்லாம மட்டும் கார்டு கைக்கு வராது. அந்தப் பரீட்சையில நான் தேறுனதுக்கு அதுதான் காரணம்னு இன்னிக்கும் நம்பறேன்.

அதனால அந்த ஆயிரம் கார்டை விட்டுடு. அது யாரோ செஞ்ச தப்பு, உன் தப்பு அதுல இல்ல. இந்தப் பேப்பர்ல நீ விட்ட 11 கேள்விதான் உன் முதல் 11 கார்டு. முன்பக்கம் ரூல் எழுதாதே, சப்ஜெக்ட் வெர்ப் அக்ரிமென்ட், அதாவது எழுவாயும் வினையும் பொருந்தணும்னு தலைப்பு போட்டா அதுவே விடையைக் காட்டிக்கொடுத்துடும், பரீட்சையில யாரும் தலைப்பு போட்டுத் தர மாட்டாங்க. நீ ஏமாந்த அந்த வாக்கியத்தை முழுசா அப்படியே எழுது. பின்பக்கம் எங்க தப்பு, சரியான வாக்கியம் எது, அப்புறம் மூணாவதா ஒரு வரி, அது எனக்கு ஏன் சரின்னு பட்டுச்சுன்னு, அதைத் தமிழ்லயே எழுது. அந்த மூணாவது வரியைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, நான் இத்தனை வருஷம் டியூஷன் எடுத்ததுல பார்த்தது இது.

உன் பேப்பர்லயே காட்டறேன். ஏழாவது கேள்வி, வாக்கியத்துல தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கறது, த குவாலிட்டி ஆஃப் த மேங்கோஸ் ஆர் குட், நீ நோ எரர், தப்பே இல்லன்னு போட்டிருக்க, அங்க ஆர் இல்ல, இஸ் வரணும். ஏன்னு யோசிச்சுப் பார்த்தியா? நம்ம பேச்சுல மாம்பழம் நல்லா இருக்கு, மாம்பழங்க நல்லா இருக்கு, ரெண்டுக்கும் ஒரே இருக்குதான், அஃறிணையில ஒருமை பன்மைய வினையில காதே கேக்காது. அதோட மாம்பழத்தோட தரம் நல்லா இருக்குன்னு சொல்லும்போது தரம் வினைக்குப் பக்கத்துலயே வந்துடுது, இங்கிலீஷ்ல வரிசை மாறி மாம்பழம் வந்து வினைக்குப் பக்கத்துல உக்காந்துக்குது, நீ பக்கத்துல இருந்த மேங்கோஸப் பார்த்து ஆர் சரின்னுட்ட. இதை எழுதி வை, அடுத்த தடவை ஆஃப் வந்தாலே அதுக்கு முன்னாடி இருக்கற பேரைத் தேடுவ.

பதிமூணாவது, வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெயின் ஸ்டார்ட்டட். ஸ்டேஷனுக்கு நடந்து போகும்போது மழை பிடிச்சுக்கிச்சுன்னு தமிழ்ல தாராளமா சொல்றோம், நடந்தது நாமதான்னு கேக்கறவங்களுக்குப் புரியும். இங்கிலீஷ்காரன் அந்த வாக்கியத்தைப் படிச்சா மழை நடந்து போச்சுன்னு படிப்பான். டிஸ்கஸ் அபௌட்டும் அப்படித்தான், அதைப் பத்திப் பேசினோம்ங்கற நம்ம பத்தி அங்க அபௌட்டா போய் ஒட்டிக்கிச்சு. ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ல எஸ் விட்டுப் போறதும் பத்து மாம்பழம்னு ஒருமையிலயே பேசிப் பழகுன வாய்தான்.

தமிழ் கைகொடுக்கற இடமும் இருக்கு. சின்ஸ் த்ரீ இயர்ஸ்னு வந்ததை தப்புன்னு கண்டுபிடிக்காம விட்டுட்ட. மூணு வருஷமான்னு வந்தா ஃபார், 2021ல இருந்துன்னு வந்தா சின்ஸ், அவ்வளவுதான், வாக்கியத்தை மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிப் பாரு.

எம்.பி.ஏ.வுக்கு எழுதற இன்னொரு பரீட்சை ஜிமேட், அதுக்குப் போட்ட பழைய சென்டன்ஸ் கரெக்‌ஷன் புக், வாக்கியத்தைத் திருத்தற புக் ஒண்ணு இருக்குன்னியே, 2023 நவம்பர்ல வந்த புது ஜிமேட்ல அந்தப் பகுதியையே எடுத்துட்டாங்க, ஆனா உனக்கு அது பயிற்சிக்கு நல்லா உதவும், தூக்கிப் போட்டுடாத.

இப்ப பெட்டி விஷயம். பக்கத்து வீட்டு அக்கா சனிக்கிழமை சென்னை வர்றாங்க, அவங்க கையில அம்மாச்சியோட மர அஞ்சறைப்பெட்டிய கொடுத்து விடறேன். நல்லாத் துடைச்சு வெயில்ல வச்சும் சீரக வாசம் போகல. புதுக் கார்டெல்லாம் முதல் அறையில, அதை தினம் பாரு. சரியா சொன்னா ரெண்டாவது அறை, அது ரெண்டு நாளைக்கு ஒருக்கா, மூணாவது நாலு நாளைக்கு, நாலாவது வாரத்துக்கு, அஞ்சாவது ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா. எந்த அறையில இருந்தாலும் தப்பா சொன்னா திரும்ப முதல் அறைக்கே வரணும், அதுல மட்டும் உனக்கு நீயே இரக்கம் காட்டிக்காதே. இது ஜெர்மனியில லைட்னர்னு ஒருத்தர் 1972ல புத்தகமா எழுதுன முறை, அவரு அட்டைப்பெட்டிக்குச் சொன்னாரு, நமக்கு வீட்லயே அஞ்சு அறையோட இருக்கு. பஸ்ல பெட்டியத் தூக்கிட்டு போக முடியாது, தெரியும், போன்ல அங்கின்னு ஒரு ஆப் இருக்கு, ஆண்ட்ராய்டுல காசு கிடையாது, எந்தக் கார்டு என்னிக்கு வரணும்னு அதுவே கணக்குப் போட்டுக்கும். அதுல போட்டாலும் உன் கார்டை நீயே டைப் பண்ணிப் போடு. ஒரு நாளைக்கு அஞ்சாறு புதுக் கார்டு போதும். ஒரே கார்டு நாலஞ்சு தடவை தப்பாச்சுன்னா உன் மேல குறை இல்ல, அதுல ரெண்டு விஷயம் ஒண்ணா மாட்டிக்கிட்டிருக்கும், ரெண்டு கார்டா பிரிச்சுடு.

பத்திரிகை அட்டையில 60 கார்டு வெட்டி வச்சிருக்கேன், கூடவே பருப்புப் பொடியும் இருக்கு, ராத்திரி வெறும் பிரெட்ட தின்னுட்டு படுக்காதே. முதல் அறையில மட்டும் மேல சொன்ன அஞ்சை எழுதிப் போட்டிருக்கேன், மிச்சம் உன் கையெழுத்துல இருக்கணும். ஞாயித்துக்கிழமை காலையில வீடியோ கால் போடு, கார்டை கேமரா பக்கம் திருப்பிக் காட்டு, பின்பக்கம் உன் கையில மறைஞ்சு இருக்கட்டும், நான் கேக்கறேன், நீ சொல்லு.

அம்மா