கப்பல் வேலை வாங்கித் தரக் காசு வாங்கக் கூடாது என்பதை எங்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்

மும்பை கப்பல் துறைத் தலைமை இயக்குநரக அதிகாரிகளுக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டக் கடற்கரை ஊரான உவரியிலிருந்து எழுதுகிறேன்.

என் அக்கா மகன் கப்பல் வேலைக்குப் போக, அக்கா நகையை அடகு வைத்து ஒரு ஏஜென்டிடம் இரண்டு லட்சம் கொடுத்தோம். ரசீது கேட்டதற்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து 'சர்வீஸ் சார்ஜ்' என்று மட்டும் எழுதித் தந்தார். தொகையும் இல்லை, தேதியும் இல்லை. அந்தத் தாள் இன்னும் அக்காவின் பைபிளுக்குள் இருக்கிறது.

அப்படிக் காசு வாங்கவே கூடாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2006-ல் ஜெனீவாவில் உருவான கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அதைத் தடுக்கிறது. மருத்துவச் சான்று, சி.டி.சி. என்கிற மாலுமிப் பணிப் புத்தகம், பாஸ்போர்ட் செலவு மட்டும்தான் மாலுமியுடையது. ஜெனீவாவில் எழுதியது இங்கே தானாகச் சட்டமாகாது என்பது எனக்கும் தெரியும். அதற்குத்தான், உலக உடன்படிக்கைகளை நிறைவேற்ற நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்கிற அரசியல் சட்டத்தின் 253-ஆம் பிரிவு இருக்கிறது. 2014-ல் வணிகக் கப்பல் சட்டத்தைத் திருத்தினீர்கள், 2015-ல் உடன்படிக்கையை ஏற்றீர்கள், 2016-ல் விதிகள் போட்டீர்கள். 1958-ஆம் ஆண்டின் அந்த வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டமே நிறைவேறிவிட்டது. இத்தனையும் நடந்தும் எங்கள் கடற்கரையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பையன் போன கப்பல் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் முடங்கியது. மூன்று மாதம் சம்பளம் இல்லை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி விழுந்தாலே மாலுமிகளைக் கைவிடப்பட்டவர்களாகக் கருதி, நாலு மாதம் வரையான பாக்கியையும் ஊர் திரும்பும் செலவையும் கப்பல் முதலாளியின் காப்பீடு தர வேண்டும் என்று அந்த உடன்படிக்கை சொல்கிறதாம். அந்தக் காப்பீட்டுச் சான்றிதழ் சாப்பாட்டு அறைச் சுவரிலேயே ஒட்டியிருந்திருக்கிறது. தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் அவன் சாப்பிட்டிருக்கிறான். முழுக்க ஆங்கிலம். கூட இருந்த கேரளத்துப் பையன் ஒருவன் படித்துச் சொன்ன பிறகுதான் போன் போட்டார்கள், ஊர் வந்து சேர்ந்தார்கள். ஏஜென்டிடம் கொடுத்த பணம் இன்னும் வரவில்லை.

ஐயா, நான் புதுச் சட்டம் கேட்கவில்லை. இருப்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். உரிமம் பெற்ற ஏஜென்டுகளின் பெயரும் உரிம எண்ணும், புகார் சொல்லத் தமிழ் பேசும் ஒருவரின் போன் நம்பரும் அதில் இருக்கட்டும். உவரி, கூடுதாழை, இடிந்தகரை என்று ஊர் ஊராகப் பலகை வையுங்கள். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு வருகிற கூட்டம் கண்ணில் படுகிற இடத்தில் முதல் பலகையை வைத்தால், நட்டுத் தர நானே வருகிறேன்.

இப்படிக்கு,
உவரியிலிருந்து ஒரு தாய்மாமன்