ஆஸ்திரேலியாவின் லீட்டன் ஊராருக்கு ஒரு நன்றி மடல்

லீட்டன் மக்களுக்கு வணக்கம்.

நேரில் பார்த்தவர்களிடம் ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டேன். மனசு ஆறவில்லை. அப்பா பேசும் மொழியிலும் ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து மூன்று வாரமே ஆகியிருந்த அப்பா, “வாய்க்காலைப் பார்த்துட்டு வரேன்” என்று சாயங்காலம் கிளம்பினார். முரும்பிட்ஜி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால்கள் இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓடுகின்றன. எல்லாம் ஒரே மாதிரி நேராகப் போகும். புதிதாக வந்தவருக்குத் திரும்பும் வழி பிடிபடாது. ஒன்பது மணிக்கு நன்றாக இருட்டிவிட்டது. அப்பாவின் கைபேசி மேசைமேல் கிடந்தது. இங்கே ஜனவரி வெயில் காலம், பாம்பு நடமாடும் வரப்புகள். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது.

காவல்துறைக்குச் சொன்ன கொஞ்ச நேரத்தில் எஸ்.இ.எஸ். என்கிற மாநில அவசரகாலச் சேவையின் தன்னார்வலர்கள் ஆரஞ்சு உடுப்பில் வந்து நின்றார்கள். சம்பளம் இல்லாத வேலை. விடிந்தால் ஒவ்வொருவருக்கும் அவரவர் வேலை இருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் யூட் என்கிற, பின்னால் திறந்த சரக்குத் தட்டு உள்ள வண்டிகளில் விளக்கைக் கட்டிக்கொண்டு வாய்க்கால் கரையெல்லாம் அலைந்தார்கள். எதிர்வீட்டு அம்மா என் பிள்ளைகளைத் தூங்கவைத்தார். கிரிஃபித் நகரத்திலிருந்து 60 கிலோமீட்டர் ஓட்டிவந்த தம்பி ஒருவர், “மாமா! மாமா!” என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். இருட்டில் தமிழ்க்குரல் கேட்டால்தான் அப்பா பதில் கொடுப்பார் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

நள்ளிரவு தாண்டி ஒரு விவசாயி தன் வயல் வரப்பில் ஒரு ஜோடிச் செருப்பைப் பார்த்தார். நாலடி தள்ளி, கணுக்கால் வீங்கிப்போய் அப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வரப்பு உடைந்து தண்ணீர் ஓடியிருக்கிறது. பார்த்துவிட்டுப் போக மனசு வராமல் கையாலேயே சேற்றை அள்ளி அடைத்திருக்கிறார்; வழுக்கி விழுந்ததும் அங்கேதான். “தண்ணி வீணாப் போயிட்டிருந்துச்சு” என்று அவர் சொன்ன தமிழ் அந்த மனிதருக்குப் புரிந்திருக்காது. ஆனால் ஈரம் காயாத அந்த மண்ணை டார்ச் அடித்துப் பார்த்ததும் எல்லாம் புரிந்திருக்கிறது. அப்பாவைத் தூக்கிக்கொண்டுதான் வண்டிக்கு வந்தார். மருத்துவமனையில் கட்டுப் போட்டவர்களுக்கும் நன்றி.

அப்புறம் நடந்ததுக்கு எப்படி நன்றி சொல்ல? கால் சரியானதும் அதே விவசாயி அப்பாவை வயலுக்குக் கூட்டிப்போனார். நெற்கதிர் உள்ளே உருவாகும் நாட்களில் இங்கே ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீர் கட்டுகிறார்கள். “ஏன் இவ்வளவு?” என்றார் அப்பா. கோடையிலும் இரவுக் குளிர் இறங்கினால் கதிர் பதராகிவிடும், தண்ணீர்தான் அதற்குப் போர்வை என்று விவசாயி விளக்கினார். ஏக்கருக்கு நாலு டன் விளையும் என்றதும் அப்பா என்னை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

வழிதவறிய அன்று ராத்திரி பயிருக்குள் காளை முக்காரமிடுகிற மாதிரி சத்தம் கேட்டதாம் அப்பாவுக்கு. அது மாடு இல்லை, ஆஸ்திரேலியக் குருகு. அழிந்துவரும் அந்தப் பறவைக்கு இந்த நெல்வயல்கள்தான் பெரிய புகலிடம். குஞ்சுகள் பறக்கும்வரை நீர் நிற்கட்டும் என்று வயலில் முன்னதாகவே தண்ணீர் கட்டும் விவசாயிகளும் இங்கே இருக்கிறார்கள். அப்பா அதைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மார்ச்சில் அவர் ஊர் திரும்பினார். வாராவாரம் போனில் ஒரே கேள்வி: “அந்த வயல் அறுத்தாச்சா?” நேற்று அறுத்து முடித்தார்கள். அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.