நெட்டைக்காலிக்காக ஒரு காலை: மார்ச் 8, ஞாயிறு

அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்புக்கு மேலே உள்ள புல்வெளியில் சீகை (வாட்டில் மரம்) நாற்றுகள் மறுபடி முளைத்துவிட்டன. ஞாயிறு காலை 7 முதல் 10 மணி வரை பிடுங்கப் போகிறோம். வனத்துறை அனுமதி வாங்கியாயிற்று.

அங்கே நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவை இருக்கிறது. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது, பழுப்பு உடம்பில் கருங்கோடுகள். போன வாரம் ஒன்று எனக்குப் பத்தடி முன்னால், பனி சொட்டும் புல்லுக்குள் நடந்து நடந்து பூச்சி பொறுக்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இந்தப் பறவை கிடையாது. தேயிலை, சீகை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்) என்று அதன் புல்வெளி சுருங்கிக்கொண்டே வருகிறது. ஏப்ரல் வாக்கில் புல் தூருக்கு அடியில், தரையிலேயே கூடு கட்டும். அப்புறம் நாம் அங்கே கால் வைக்கக் கூடாது. அதனால்தான் இந்த அவசரம்.

1. கையுறை, தண்ணீர், மூடிய காலணி அவசியம்.
2. நாற்றை வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் திரும்பத் துளிர்க்கும்.
3. புல்லில் கை வைக்க வேண்டாம். சந்தேகம் என்றால் கேளுங்கள்.
4. ஏப்ரல் முதல் ஜூலை வரை நாய்களை அந்தப் பக்கம் அவிழ்த்துவிடாதீர்கள். இது வராதவர்களுக்கும் சேர்த்துத்தான்.
5. எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வெள்ளி இரவுக்குள் இங்கே பதில் போடுங்கள். டீயும் பன்னும் அந்தக் கணக்கில்தான் சொல்ல வேண்டும்.

மழை பெய்தாலும் வருவோம். ஈர மண்ணில் வேர் சுலபமாக வரும்.