அத்தேவுக்கு, ஒரு கருவாட்டுப் பொட்டலம் பற்றி

அன்புள்ள அத்தே,

நீங்கள் வேலையை முடித்துக்கொண்டு பிலிப்பைன்ஸில் உங்கள் ஊரான பட்டாங்கஸுக்கே திரும்பிவிட்டீர்கள் என்று சென்ற வாரம் அம்மா சொன்னார். இனி யார் வீட்டுத் தரையையும் சம்பளத்துக்காகத் துடைக்கப் போவதில்லை என்று கேட்டதும், இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போட்ட கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். தமிழ் கேட்டால் உங்களுக்குப் புரியும், படிக்கத் தெரியாது என்பதால் இதை வாசித்துக் குரல்பதிவாகவும் அனுப்புகிறேன். பொதுவில் எழுதுவதற்குக் காரணம், அன்று நடந்ததை நம் உறவினர்கள் இன்றும் தவறாகவே சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் நீங்கள் வேலை பார்த்தபோது, 2009 தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை அது. குத்துவிளக்குகளைத் துலக்க அம்மா கொடுத்த புளி உருண்டையில் பாதியைக் கிள்ளி, சினிகாங் என்ற உங்கள் ஊர்ப் புளிப்புக் குழம்பு வைக்க ஆகும் என்று ஒரு கிண்ணத்தில் மூடி வைத்தீர்கள். உங்கள் ஊரில் பச்சைப் புளியங்காயை வேகவைத்துப் பிழிவார்கள் என்றும், அந்தப் புளிப்பு இதில் வராது என்றும் சொன்னீர்கள். பிறகு தேங்காய் மட்டையின் பாதியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் வலது பாதத்தை வைத்து, இடுப்பை அசைத்து அசைத்துக் கூடத்தை மெருகேற்றிக் காட்டினீர்கள். பூனோட் என்று அதற்குப் பெயர் சொன்னீர்கள். நான் ஏறி நின்று வழுக்கி உங்கள்மேல் விழுந்தேன். நீங்கள் என்னை இறக்கிவிடாமல் சிரித்துக்கொண்டே நின்றீர்கள்.

மறுநாள் விடியும்முன் நீங்கள் தாவிலிஸ் கருவாடு வறுத்தீர்கள். உங்கள் தங்கை கொடுத்தனுப்பிய பொட்டலம். உங்கள் ஊர்த் தால் ஏரியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன் என்று அதை நீங்கள் உள்ளங்கையில் வைத்துக் காட்டியிருந்தீர்கள். பூண்டுச் சோற்றையும் காடியில் தோய்த்த கருவாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு தின்றீர்கள். அன்று உங்களுக்கு மாதத்தின் ஒரே விடுப்பு. தேவாலயத்துக்கும், அங்கிருந்து உங்கள் ஊர்க்காரர்கள் கூடும் லக்கி பிளாசா கடைத்தொகுதிக்கும் போனீர்கள். மாலையில் திரும்பி வந்து பொட்டலத்தைத் தேடியபோது, வீடு நாறுகிறது என்று அம்மா சொன்னார்.

அதை எறிந்தது அம்மா இல்லை. நான்தான் சமையலறைக் குப்பைக் குழாயின் மூடியைத் திறந்து உள்ளே தள்ளினேன். பன்னிரண்டு மாடி கீழே அது விழும் ஓசைகூடக் கேட்டது. அம்மா என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார்.

நாற்றம் ஒரு சாக்கு. நெத்திலிக் கருவாடு வறுக்காத மாதம் நம் வீட்டில் கிடையாது. எனக்கு வயது பதினான்கு. அன்று மதியம் வீட்டுக்கு வரவிருந்த தோழி முகம் சுளிப்பாளோ என்ற பயம் இருந்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அந்தப் பொட்டலத்தோடு வந்த உங்கள் மகனின் கடிதம். கண்ணை மூடித் தின்றபோது நீங்கள் எங்கள் வீட்டில் இல்லை, அவனோடு இருந்தீர்கள். உங்களை அத்தே என்று கூப்பிட்டதற்காக, அவள் உனக்கு அத்தையா என்று உறவினர்களிடம் திட்டு வாங்கியவள் நான். உங்கள் மொழியில் அது அக்கா என்று தெரிந்த பிறகும் எனக்கு நீங்கள் அத்தைதான். அதனால் நான் செய்தது சரியாகிவிடாது. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் அத்தே, அதன்பிறகு நீங்கள் செய்ததும் எனக்கு வலித்தது. நான்கு ஆண்டுகள் உங்கள் ஊர்ச் சமையல் எதையும் நம் அடுப்பில் ஏற்றவில்லை. முருங்கையை மலுங்கை என்று சொல்லிச் சிரித்தபடி, அந்தக் கீரையையும் பச்சைப் பப்பாளியையும் கோழியோடு போட்டுச் செய்யும் தினோலாவை எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட நீங்கள் வைக்கவில்லை. முட்டை பொரித்தால்கூட அடுப்பை வெளுப்பானால் மூன்று முறை தேய்த்தீர்கள். என் கண்ணெதிரே தேய்த்தீர்கள். கடைசியில் 2013இல், என் தேர்வு வாரத்தில், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டீர்கள். பாட்டிக்குக்கூட விடைசொல்லிவிட்டுத்தானே போனீர்கள்!

உங்கள் சம்பளத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அது நம் வீட்டுக்குள் பேச வேண்டியது. வீட்டுப் பணிப்பெண்களுக்கு வார ஓய்வு நாள் சிங்கப்பூரில் 2013 ஜனவரியில்தான் சட்டமானது என்று சித்தப்பா சொல்வார். அதற்கு முந்தைய ஞாயிறுகளை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இங்கே டொராண்டோவில் பாதர்ஸ்ட் தெருவும் வில்சன் சாலையும் கூடும் இடத்தில் உங்கள் ஊர்க் கடைகள் இருக்கின்றன. தாவிலிஸ் கிடைக்கவில்லை, வேறு மீனின் கருவாடு வாங்கி வறுத்தேன். சட்டியைக் கழுவவே மனம் வரவில்லை. விளக்கு வைத்தபிறகு நான் வீடு பெருக்குவதில்லை. என் பாட்டியும் உங்கள் அம்மாவும் சொல்லிவைத்தது போல் ஒன்றையே சொன்னதை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். 2020 ஜனவரியில் தால் எரிமலை வெடித்தபோது இரவெல்லாம் செய்தி பார்த்தேன். எண் கையில் இருந்தும் அழைக்கவில்லை.

டிசம்பரில் எனக்கு இரண்டு வாரம் விடுப்பு இருக்கிறது. வரலாமா? வேண்டாம் என்றாலும் உங்கள் குரலிலேயே சொல்லி அனுப்புங்கள்.

உங்கள்மேல் வழுக்கி விழுந்தவள்