துப்பாக்கி பழகியது, பேனா புதிது

ஆசிரியருக்கு,

ராணுவத்திலிருந்து காவல்துறைக்கு வருவோருக்குப் பயிற்சி எளிது என்று எழுதியிருந்தீர்கள். பாதிதான் உண்மை. நானும் அப்படி வந்தவன். துப்பாக்கியும் அணிவகுப்பும் எனக்குப் பழையவை, பேனாதான் புதிது. வழக்கு அறிக்கையில் சம்பவ இடத்தின் நேரம், தூரம், வெளிச்சம் என எதுவும் பிசகாமல் எழுத வேண்டும். ஒரு வரி தவறினாலும் குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் பிய்த்துவிடுவார்.

எல்லையில் எதிரே வருபவன் எதிரி. தெருவில் குடித்துவிட்டுக் கத்துபவன் குடிமகன் (சிலேடைக்கு மன்னிக்கவும்). அவனிடம் குரலைத் தாழ்த்தி, என் கைகள் தெரியும்படி நின்று, பொறுமையாகப் பேசப் பழக எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. இன்றும் தெருவில் நுழைந்தால், ராணுவப் பழக்கத்தில் கண் முதலில் மொட்டைமாடிகளுக்குத்தான் போகிறது.

காவலர் தேர்வில் முன்னாள் ராணுவத்தினருக்குத் தரும் வயதுச் சலுகை நல்லதுதான். பழையதை மறப்பதற்கும் சில வாரப் பயிற்சி கொடுங்கள்.

– முன்னாள் ராணுவ வீரர் ஒருவர்