லாக் புக்கில் இருக்கும் அந்த ஒற்றைச் சொல்

அன்புள்ள பாப்பா,

உனக்கு 31 வயதாகிறது, இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். உன் அப்பா பழக்கிவிட்டது, இனிமேல் மாற்றிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னிடம் பேசுகிறோமே என்று அவனை ‘அவர்’ போட்டு எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. யாரோ மேடையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. நாற்பது வருடம் ‘டா’ போட்டுப் பேசியாயிற்று. எனக்கு அவன் அவன்தான். பொறுத்துக்கொள்.

விமானம் ஓட்டிய உன் அப்பாவின் பறத்தல் பதிவேடுகளைப் பற்றிப் போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ‘அப்பாவோட லாக் புக் எல்லாத்தையும் பக்கம் பக்கமாப் பார்த்தேன் மாமா, குறிப்பு எழுதுற கட்டத்துல 37 இடத்துல திரும்பினேன்னு மட்டும் எழுதியிருக்காரு, என்ன அது’ என்றாய். நேரில் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். நேரில் மட்டும் எனக்குத் தொண்டை அடைக்காதா என்ன? அதனால் எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் காரணம் உண்டு. அவனைக் கடைசியாக வழியனுப்ப வந்த கூட்டத்தில் ஆளுக்கொரு வீரக்கதை சொன்னார்கள். புயலுக்குள் நுழைந்து வெளியே வந்தானாம். மலையில் மழையோடு மழையாக மூன்று நாள் தனியாகக் கிடந்தானாம். பாதிக்கு மேல் நடக்காதது. பிரியத்தில் சொல்கிறார்கள், அங்கே போய் மறுத்துப் பேசவா முடியும்? ஆனால் அப்படிப்பட்ட ஆளாக இருந்திருந்தால் நான் அவனோடு ஒரு நாள்கூட ஏறியிருக்க மாட்டேன்.

லாக் புக்கில் ஒவ்வொரு பறத்தலுக்கும் ஒரு வரி. தேதி, விமானம், கிளம்பிய இடம், இறங்கிய இடம், எவ்வளவு நேரம், எத்தனை தரையிறக்கம். அந்த 37 வரிகளையும் மறுபடி எடுத்துப் பார். கிளம்பிய இடமும் இறங்கிய இடமும் ஒன்றாகவே இருக்கும். ஒரு ஊருக்குப் போகலாம் என்று புறப்பட்டு, வழியில் வானிலை பிடிக்காமலோ எஞ்சின் சத்தம் பிடிக்காமலோ வந்த வழியே வந்துவிட்டான். அவ்வளவுதான் விஷயம். மற்றவர்கள் இதை எழுதுவதில்லை. எழுதினாலும் வானிலை மோசம் என்று பழியை மேகத்தின்மேல் போட்டுவிடுவார்கள். இவன் மட்டும் ‘திரும்பினேன்’ என்று தன் பேரில் எழுதினான்.

அந்த 37-இல் நான்கில் நான் பக்கத்து சீட்டில் இருந்திருக்கிறேன். நான்கு தடவையும் உள்ளுக்குள் திட்டியிருக்கிறேன். ஒரு தடவை வாய்விட்டே திட்டினேன்.

ஏனென்றால் அவனோடு புறப்படுவதே பெரிய பாடு. செஸ்னா 172 என்ற குட்டி விமானத்தை அவன் ‘ஆகாயத்து சைக்கிள்’ என்பான். 1955-இல் முதலில் பறந்த வடிவம். இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள், உலகத்தில் வேறு எந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. நான்கு பேர் உட்காரலாம் என்பார்கள், நான்கு பேரும் ஒல்லியாக இருந்தால். அந்த சைக்கிளைச் சுற்றிவர அவனுக்கு அரை மணி நேரம் ஆகும். இறக்கையின் ஓரத்தை விரலால் தடவுவான். பெட்ரோல் மீட்டரை நம்ப மாட்டான், இறக்கைமேல் ஏறி டாங்கிக்குள் குச்சியை விட்டு அளப்பான். அப்புறம் இறக்கைக்கு அடியில் உள்ள வால்வில் ஒரு சின்னக் குப்பியை வைத்து அழுத்துவான். விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். தண்ணீர் கலந்திருந்தால் அது கனம், அடியில் போய் முத்துமாதிரி உருண்டு நிற்கும். முதல் தடவை குப்பியை என் கையில் கொடுத்து என்ன தெரிகிறது என்று கேட்டான். வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். நீலமாக இருக்கிறது, சரியாக இருக்கிறது என்றேன்.

சிரித்தான். ‘முழுக்கத் தண்ணியா இருந்தாலும் வானத்துக்கு நேரா பிடிச்சா நீலமாத்தான்டா தெரியும். இறக்கை வெள்ளையா இருக்கு பாரு, அதுக்கு எதிர்ல பிடி.’

என் பிள்ளைகளுக்கு நான் எவ்வளவோ புத்தி சொல்லியிருக்கிறேன், அதில் ஒன்றுகூட இவ்வளவு உருப்படியாக இருந்ததில்லை.

மலைக்குப் போனாலும் இதே கூத்துதான். கூடாரத்தின் முளைகளை நான் அடித்துவிட்டு வந்தால், பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்ப்பான். கேட்டால் ரைட் சகோதரர்களில் ஆரம்பிப்பான். 1903 டிசம்பர் 17, கிட்டி ஹாக். ஒரே நாளில் நான்கு தடவை பறந்தார்கள், கடைசித் தடவை 59 விநாடி. இறங்கும்போது முன்பக்கம் கொஞ்சம் அடிபட்டது, சரிசெய்துகொள்கிற அடிதான். அப்புறம் எல்லோரும் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தபோது ஒரு காற்று வந்து விமானத்தைப் புரட்டிப் போட்டுவிட்டது. அந்த விமானம் அதற்குப் பிறகு பறக்கவே இல்லை. ‘வானத்துல தப்பிச்சது தரையில போச்சு, முளையை ஒழுங்கா அடி’ என்று முடிப்பான். இந்தக் கதையை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்குக் கணக்கில்லை. உனக்கும் இருக்காது.

மலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். லாக் புக்கில் வராத திரும்பல் இது. அந்த உச்சிக்குப் போக இரண்டு வருடமாகத் திட்டம் போட்டிருந்தோம். மூன்றாம் நாள் இரவு உச்சிக்குக் கீழே கடைசி முகாம். காலையில் எழுந்தால் நான்கு மணி நேர ஏற்றம்தான் பாக்கி. படுக்கும்போது நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. விடிவதற்கு முன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

‘டேய், எந்திரி. ராத்திரி நாம 40 மீட்டர் ஏறியிருக்கோம்.’

தூக்கக் கலக்கத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. படுத்த இடத்தில்தான் படுத்திருந்தோம். டார்ச் வெளிச்சத்தில் கைக்கடிகாரத்தை நீட்டினான். அதில் உயரமானி உண்டு. அந்தக் கருவி உண்மையில் உயரத்தை அளப்பதில்லை, காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும் என்பதால் அழுத்தத்தைப் பார்த்து உயரத்தைச் சொல்கிறது. நாம் நகராமல் இருக்கும்போதே அது ஏறினால், நம் தலைக்குமேல் அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். 40 மீட்டர் என்றால், அழுத்தத்தை அளக்கிற கணக்கில் சுமார் 4 ஹெக்டோபாஸ்கல். ஓர் இரவுக்குள் அது அதிகம்.

கூடாரத்துக்கு வெளியே தலையை நீட்டினேன். ஒரு மேகம் இல்லை. இதைவிட நல்ல காலை கிடைக்காது என்றேன். இரண்டு வருடம் என்றேன், லீவு என்றேன், முட்டி தேய்ந்தது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே முளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். இறங்கும்போது பேச்சுவார்த்தை இல்லை. பத்து மணிவரை வெயில் அடித்தது, அதுவரை அவன் முகத்தையே நான் பார்க்கவில்லை. பதினொன்றுக்கு மலை காணாமல் போனது. கீழே குடிசைக்குள் நாங்கள் நுழைந்தபோது ஆலங்கட்டி விழுந்துகொண்டிருந்தது. ‘பார்த்தியா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் ஈரக் காலுறைகளை வாங்கி அடுப்பருகே காயப்போட்டான்.

அன்றிரவுதான் நான் கேட்டேன், இந்தத் திரும்புகிற புத்தி உனக்குப் பிறவியிலேயே வந்ததா என்று. ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான். உன் அம்மாவுக்கே தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனால் இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

உரிமம் வாங்கி எட்டு மாதம். தனியாகப் போகிறான். மேகம் தாழ்ந்துகொண்டே வருகிறது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தானும் தாழ்கிறான். திடீரென்று சுற்றிலும் வெள்ளை. அடிவானம் கண்ணிலிருந்து மறைந்தால் உடம்பு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும், பாப்பா. காதுக்குள் இருக்கும் திரவம்தான் நாம் சாய்கிறோமா என்று நமக்குச் சொல்கிறது. ஒரே பக்கமாக மெதுவாகச் சாய்ந்துகொண்டே இருந்தால் அந்தத் திரவமும் சாய்வுக்குப் பழகிவிடும், நேராக இருப்பதுபோலவே தோன்றும். நிஜமாகவே நேராக்கினால் மறுபக்கம் கவிழ்வதுபோல் தோன்றும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கத் தெரியாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். கண்ணுக்கு வெளி உலகம் மறைந்த பிறகு அவர்கள் கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக ஆன நேரம் 178 விநாடி. முழுசாக மூன்று நிமிடம்கூட இல்லை.

அவன் மேகத்துக்குள் ஒரு நிமிடம் இருந்திருப்பான். நேராகத்தான் போகிறேன் என்று சத்தியம் செய்திருப்பானாம். அடியில் பிரிந்து வெளியே வந்தபோது வலது ஜன்னல் முழுக்க மரம். வானம் இல்லை, மரம். எப்படி நிமிர்த்தினான், எப்படி இறங்கினான் என்று அவனுக்கே நினைவில்லை. இறங்கி எஞ்சினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்க முயன்றானாம், கை பிடியைப் பிடிக்கவில்லையாம்.

அந்த வரியும் உன்னிடம் இருக்கும் முதல் புத்தகத்தில் இருக்கும். குறிப்புக் கட்டத்தில் எதுவும் இருக்காது, வெறும் நேரம் மட்டும்தான். முதல் ‘திரும்பினேன்’ அதற்கு அடுத்த பக்கத்திலோ அதற்கும் அடுத்ததிலோ வரும், பார்.

சரி, உன்னுடையதற்கு வருகிறேன். ஆமாம், 37-இல் ஒன்று உன்னுடையது. உனக்கு அப்போது ஆறு வயது. கடல் பார்க்கப் போகிறோம் என்று முதல் நாளே மணல் வாளியைக் கட்டிக்கொண்டு தூங்கினாய். நீயும் அம்மாவும் பின்னால், நான் முன்னால். கிளம்பும்போது நன்றாக இருந்தது. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும், அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கும், நடுவில் 10 டிகிரி இடைவெளி. அந்த இடைவெளியை 2.5-ஆல் வகுத்தால் மேகத்தின் அடிப்பகுதி சுமாராக எத்தனை ஆயிரம் அடியில் இருக்கும் என்று சொல்லிவிடலாம் என்பான். அன்று கணக்குப்படி 4,000 அடி. பாதி வழியில் ரேடியோவில் கரைப்பக்க வானிலை கேட்டான். வெப்பம் 22, பனிநிலை 20. இரண்டு டிகிரிதான். வகுத்தால் 800 அடி. எங்கள் கண்ணுக்கு எதிரே இன்னும் வெயில்தான் அடித்தது.

ஒன்றும் சொல்லாமல் இறக்கையைச் சாய்த்தான். விநாடிக்கு மூன்று டிகிரி, வந்த திசைக்கே திரும்ப ஒரு நிமிடம். அதில் அவசரமே இருக்காது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் திரும்புகிறோம் என்றே தெரிந்திருக்காது. நீதான் கண்டுபிடித்தாய், சூரியன் மறுபக்கம் போய்விட்டதே என்று. அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை. அப்போது அவன் சொன்னதுதான் உங்கள் வீட்டில் இருபத்தைந்து வருடமாக ஓடுகிற வசனம்: ‘கடலுக்கு இன்னைக்கு லீவு.’ எது நடக்காமல் போனாலும் நீங்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறீர்கள். எங்கிருந்து வந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. இறங்கியதும் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுபாதை ஓரம் நடந்தான், உன் வாளியை நிரப்ப மணல் தேடிக்கொண்டு. சரளைக்கல்தான் கிடைத்தது.

அவனிடம் குறையே இல்லையென்று நான் எழுதினால் உன் அம்மா என்னைச் சும்மா விடமாட்டார். போனை எடுக்க மாட்டான். பிறந்த நாள் எதுவும் நினைவில் நிற்காது. கூடாரத்தில் அவன் விடும் குறட்டைக்குப் பக்கத்து முகாம்காரர்கள் இடம் மாறியிருக்கிறார்கள். வானிலை பற்றி யாராவது உளறினால் நடுச்சபையில் திருத்துவான், எதிரே இருப்பவர் முகம் சுருங்குவதைக் கவனிக்கவே மாட்டான்.

இதயத்தில் கோளாறு என்று, விமானம் ஓட்டத் தேவையான மருத்துவச் சான்றிதழ் கிடைக்காமல் போன அன்று நான்தான் கூட இருந்தேன். கத்துவான் என்று நினைத்தேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்து, ‘நீ ஓட்டுறியா’ என்று சாவியைக் கொடுத்தான். அதற்குப் பிறகும் சனிக்கிழமைதோறும் ஃப்ளையிங் கிளப்புக்குப் போனது உனக்குத் தெரியும். போய்ப் பிள்ளைகளின் குப்பியை வாங்கி இறக்கைக்கு எதிரே பிடித்துப் பார்ப்பதுதான் வேலை.

வழியனுப்பிய அன்று ஒருவர் என்னிடம், ‘படுக்கையில் போயிருக்க வேண்டாம், பறக்கும்போது போயிருந்தால் அவருக்குப் பிடித்திருக்கும்’ என்றார். நல்ல மனுஷன், ஆறுதலுக்குச் சொன்னார். பிடித்திருக்காது, பாப்பா. ரொம்ப வெட்கப்பட்டிருப்பான்.

லாக் புக்குகளை ஈரம் படாத இடத்தில் வை. முதல் புத்தகத்தின் முதுகு பிரிந்திருக்கும், பசை போடாமல் அப்படியே விடு. அந்த 40 மீட்டர் மலையின் உச்சிக்கு நாங்கள் கடைசிவரை போகவே இல்லை. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்றோம், அப்புறம் என் முட்டி போயிற்று, அப்புறம் அவன் இதயம். நீ போக வேண்டும் என்று சொல்லவில்லை. போவதாக இருந்தால் சொல். கூடார முளைகள் என்னிடம்தான் இருக்கின்றன. பன்னிரண்டில் ஒன்று வளைந்திருக்கிறது, அது நான் அடித்தது.

அன்புடன்,
மாமா